அடுத்த வரி வரை விழுங்க வேண்டாம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் தன் கைப்படவே எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் சுகம். நீங்களும் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று எழுதிவிட்டு நிமிர்ந்தால் டீ ஆறிவிட்டது. இன்னும் விஷயத்துக்கே வரவில்லை.

நீங்கள் அனுப்பிய ஜப்பான் விஸ்கி உடையாமல் வந்தது. அதை உங்கள் அப்பாவும் நானும் சேர்ந்துதான் குடிக்க வேண்டும், சுவைக்கும் முறையை நான்தான் வாசிக்க வேண்டும் என்று கூடவே ஒரு தாள் வைத்திருந்தீர்கள். படித்ததும் தாளை மடித்துப் பாட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன். உங்கள் கல்யாணத்தின்போது, பெயிண்டர் என்ற பெருமையில், சம்பந்தி வீட்டு கேட்டுக்கு நானே பச்சை கலந்து அடித்துக் கொடுக்க, அவர் "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்று சொல்ல, அன்றோடு பேச்சு நின்றது. அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த வழியாகப் போனால் இப்போது எனக்கே டோக்கன் வாங்கத் தோன்றுகிறது. ஆனால் மகள் போனில், "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிற வரைக்கும் ஊருக்கு வந்தாலும் யார் வீட்டுக்கும் வரமாட்டோம்ப்பா, ஓட்டல்லதான் தங்குவோம்" என்று சொன்ன பிறகு என்ன செய்வது? சொல்லி அனுப்பினேன். வந்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, உங்கள் அத்தையிடம், "தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் படிப்பாராமே, படிக்கச் சொல்லுங்க" என்றார்.

நான் முதியோர் வகுப்பில் போன வருஷம்தான் எழுத்துக் கூட்டப் பழகியவன். அவரோ "ஏறுங்க, ஏறுங்க" என்று ஊரையே அவசரப்படுத்திய பஸ் கண்டக்டர். இது பல விஸ்கிகளைக் கலந்து செய்தது என்ற முதல் வரியிலேயே கொட்டாவி விட்டார். வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்க்கும் வரியில் கை வலிக்கிறது என்று கிளாசை மடியில் வைத்துக்கொண்டார். மூன்றாவது வரியில்தான் வந்தது வினை. 'சிறிது வாயில் விட்டு, அடுத்த வரி வரை விழுங்க வேண்டாம்' என்று எழுதியிருந்தீர்கள். மனிதர் சிறிது விடவில்லை, ஒரு வாய் விட்டார். அடுத்த வரிதான் அந்தத் தாளிலேயே நீளமான வரி. தேன் என்பதைப் படித்துவிட்டேன். மரம், லேசான புகை, அதையும் எப்படியோ கடந்தேன். பிறகு ஆ என்றேன், ர என்றேன், ஞ்-இல் மாட்டிக்கொண்டேன். கன்னம் இரண்டும் உப்பி, கண்ணில் தண்ணீர் கட்டி, என் முழங்காலைத் தட்டுகிறார். நான் மறுபடி ஆ-விலிருந்து தொடங்கினேன். மடக்கென்று விழுங்கிவிட்டு, "ஆரஞ்சுத் தோல்யா, ஆரஞ்சுத் தோல்" என்றார். நாக்கில் பட்டுச் சொன்னாரா, எட்டிப் பார்த்துச் சொன்னாரா தெரியாது. ஆனால் அது என்னிடம் சொன்னது.

"உங்களுக்கு என்னங்க தெரியுது?" என்றும் கேட்டார். எனக்குத் தேனும் தெரியவில்லை, ஆரஞ்சும் தெரியவில்லை. டர்பன்டைன் குடித்தே வளர்ந்த மூக்கு. "வார்னிஷ் காயாத கதவு மாதிரி இருக்குங்க" என்றேன்.

"நல்லவேளை, கேட் மாதிரி இல்லையே" என்றார். இருவரும் சிரித்த சிரிப்பில் உங்கள் அத்தை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். சந்தேகம் தீரத் தாளை முதலிலிருந்து இன்னொரு முறை வாசித்தோம். "வரிக்கு ஒரு வாயா? கொஞ்சம் வேகமாப் படிங்க, பாட்டில் தாங்காது" என்றாள். நான் வேகமாகப் படிக்கப் போனேன். "அவசரப்படாதீங்க சம்பந்தி, நிறுத்தி நிதானமாப் படிங்க" என்றவர் உங்கள் அப்பா. இரண்டாம் முறை எனக்கும் தொண்டைக்குக் கீழே தேன் மாதிரி ஏதோ இறங்கியது. அது விஸ்கியா, அவர் சம்பந்தி என்று கூப்பிட்டதா, பிரித்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு ருசி போதாது.

ஆகவே ஓட்டல் பேச்சை விட்டுவிட்டு எங்கள் இருவர் வீட்டிலும் மாறி மாறித் தங்குங்கள். நீங்கள் இருவரும் குறையில்லாமல் நீடூழி வாழ இந்தக் கிழவனின் ஆசி.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: மிச்சப் பாட்டில் யார் வீட்டில் இருப்பது என்று பேச்சு வந்தது. மறுபடி பேச்சில்லை. ஓட்டலிலேயே அறை எடுத்துவிடுங்கள், பாட்டிலையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் இருவரின் ஏகமனதான முடிவு. அவருடைய சம்மதத்தை உங்கள் அத்தை போய்க் கேட்டு வந்தாள்.