ஜனவரி ஒன்றாம் தேதி எங்கும் இல்லாதவன்

இனிமேல் ஊர் வரி கட்டுவதில்லை என்று வால்தெசிர் முடிவெடுத்தபோது அவன் முகத்தில் பாதிதான் சவரம் ஆகியிருந்தது. மீதிப் பாதியில் நுரை. அந்தக் கோலத்திலேயே வெளியே வந்து, சமையலறையில் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்த மனைவியின் முன்னால் நின்றான்.

"ஜுரெமா, கண்டுபிடிச்சிட்டேன்."

"எதை? ரேசரையா? உன் கையிலதான் இருக்கு."

"வரியிலேருந்து தப்பிக்க வழி."

ஜுரெமா ஒரு கல்லைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள். "போன தடவை கண்டுபிடிச்ச வழி வாஷிங் மெஷினுக்குப் பின்னால இருந்துச்சு. இந்தத் தடவை எங்க? பிரிட்ஜுக்கு அடியிலயா?"

வால்தெசிருக்கு அந்த வாஷிங் மெஷின் விவகாரம் பிடிக்காது. பிரேசிலிலிருந்து ஜப்பானுக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆயிற்று. ஹமாமட்சுவில் கார் இருக்கை தைக்கிற தொழிற்சாலையில் வேலை. அரசாங்கக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் வீடு, அவன் பெயரில். ஒவ்வொரு ஜூன் மாதமும் நகராட்சியிலிருந்து தடித்த உறை வரும். உள்ளே நான்கு தவணைச் சீட்டு. போன வருஷம் வாங்கின சம்பளத்துக்கு இந்த வருஷம் வரி. போன வருஷம் ஓவர்டைம் கொட்டியது. இந்த வருஷம் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. போன வருஷம் தின்ற சோற்றுக்கு இந்த வருஷம் ஏப்பம் விடச் சொல்கிறார்கள் என்று அவன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படி வந்த சீட்டுகளில் இரண்டை வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போட்டுவிட்டு, மறந்துவிட்டதாகத் தன்னையே நம்பவைத்துக்கொண்டான். அந்தச் சமயத்தில்தான் ஜுரெமா நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தாள். சாப்பாட்டுப் பொட்டலம் கட்டும் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் நின்றே வேலை பார்த்தவள். அவளுடைய வரியைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள், ஒரு யென் பாக்கி கிடையாது. ஆனால் விண்ணப்பம் வீட்டுக்காரனையும் சேர்த்துத்தான் பார்க்கும். குடும்பத் தலைவருக்கு வரி பாக்கி. விண்ணப்பம் தள்ளுபடி. அந்தப் பாக்கியை அவன் இன்னும் கட்டி முடிக்கவில்லை.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் வால்தெசிருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்தக் கடிதத்தை பிரிட்ஜ் கதவில் அன்னாசிப்பழக் காந்தம் வைத்து ஒட்டினாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அது அவனைப் பார்த்தது. அன்றிலிருந்து அவள் அவனைக் கூப்பிடும் பெயரும் மாறிவிட்டது.

"சொல்லுங்க குடும்பத் தலைவரே. என்ன வழி?"

"ஜனவரி ஒண்ணு!" வால்தெசிர் ரேசரை உயர்த்தினான். "அன்னிக்கு நீ எந்த ஊர்ல பதிவாகி இருக்கியோ அந்த ஊருக்குத்தான் வரி. சரியா?"

"சரி."

"டிசம்பர் இருபத்தாறாம் தேதி நகராட்சிக்குப் போறேன். ஊரை விட்டுப் போறேன், பக்கத்து ஊர் தோயோஹாஷிக்கு, என் சிநேகிதன் ஜில்மார் வீட்டுக்குன்னு எழுதிக் கொடுக்கறேன். அங்க போய்ப் பதிஞ்சுக்கப் பதினாலு நாள் டயம் இருக்கு. நான் பதியவே மாட்டேன். ஜனவரி ஆறாம் தேதி திரும்பி வந்து, மனசு மாறிட்டேன், இங்கயே இருக்கேன்னு சொல்லிடுவேன். அப்போ ஜனவரி ஒண்ணாம் தேதி நான் எங்க இருந்தேன்?"

"எங்க?"

"எங்கயும் இல்லை! இந்த ஊர்லயும் இல்லை, அந்த ஊர்லயும் இல்லை. யாருக்கும் வரி கிடையாது!"

நுரை ஒரு சொட்டு பீன்ஸ் தட்டில் விழுந்தது. ஜுரெமா அதைத் துடைத்தாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததாக வால்தெசிருக்குத் தோன்றியது. பாராட்டு என்று நினைத்துக்கொண்டான்.

"நல்ல யோசனைதான்" என்றாள். "ஆனா அந்தப் பாரம் எல்லாம் ஜப்பானிய எழுத்துல இருக்குமே. நீ உன் பேரையே தப்பா எழுதுவே. நானும் கூட வரேன்."

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆறு வருஷம் எழுத்து வகுப்புக்குப் போனவள் அவள். அந்த நேரத்தில் எல்லாம் அவன் டிவியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இருபத்தாறாம் தேதி இருவரும் நகராட்சிக்குப் போனார்கள். ஜுரெமா அவனுக்காகப் பாரத்தை நிரப்பினாள். அழகான எழுத்து. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டினாள். அவன் போட்டான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் மெல்லக் குனிந்து ஏதோ கேட்டாள்.

"என்ன கேக்கறா?"

"நீ போயிட்டா குடும்பத் தலைவர் யாருன்னு கேக்கறாங்க."

"பத்து நாளைக்குத்தானே. நீயே இருந்துக்கோ" என்று பெருந்தன்மையாகச் சொன்னான் வால்தெசிர்.

"சொல்லிட்டேன்."

பிறகு மேல் மாடியில் இன்னொரு சின்ன வேலை இருக்கிறது, ஐந்து நிமிஷம் என்று சொல்லிவிட்டுப் போனாள். போகுமுன் இன்னும் ஒரு தாளில் அவனுடைய கையெழுத்தை வாங்கிக்கொண்டாள். அவன் கீழே இயந்திரத்தில் காசு போட்டுச் சூடான டப்பாக் காப்பி எடுத்துக் குடித்தான். ஐந்து நிமிஷம் நாற்பது நிமிஷம் ஆயிற்று. எங்கும் இல்லாத மனிதனுக்கு அவசரம் ஏது? இரண்டாவது காப்பியும் குடித்தான்.

புது வருஷப் பிறப்பன்று, திட்டத்துக்குப் பங்கம் வரக்கூடாது என்று, வால்தெசிர் திரைச்சீலையை மூடிக்கொண்டு சோபாவில் படுத்திருந்தான். ஜுரெமா, பணம் சேரும் என்று பிரேசிலில் அன்றைக்குச் சாப்பிடுகிற பயறும், வறுத்த மரவள்ளி மாவும், பன்றிக்கறியும் சமைத்திருந்தாள். மேசையில் ஒரு தட்டுதான் இருந்தது.

"என் தட்டு எங்க?"

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"நீதான் இன்னிக்கு எங்கயும் இல்லையே."

"ஜுரெமா, விளையாடாதே. பசிக்குது."

"இல்லாத ஆளுக்குப் பசிக்குமா? அதைப் பாரத்துல எழுதலையே."

வால்தெசிர் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் எழுந்து தானே தட்டு எடுத்துப் போட்டுக்கொண்டு, சட்டியில் மிச்சம் இருந்ததைச் சுரண்டினான். அடிப்பிடித்த பயறு.

கோபத்தில் சிகரெட் பிடிக்கப் பால்கனிக்குப் போனான். எதிர்ப் பால்கனியில் மியாசாவா சான் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். எழுபது வயதுக் கிழவி. அந்தக் குடியிருப்பில் குப்பை போடும் முறைநாளிலிருந்து செத்த வீட்டுக்குப் பூ வாங்குவதுவரை அவர்தான் பார்த்துக்கொள்வார். அவனைப் பார்த்ததும் இடுப்பை வளைத்து வணங்கி, புது வருஷ வாழ்த்துச் சொன்னார். பத்தொன்பது வருஷப் பழக்கம். வால்தெசிரும் வளைந்து வணங்கினான். பாதி வளைந்தபோதுதான், தான் அங்கே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

ஜனவரி ஆறாம் தேதி தனியாகவே நகராட்சிக்குப் போனான். மனசு மாறிவிட்டேன் என்பதைச் சொல்வதற்கு ஜப்பானிய மொழியில் நான்கு வார்த்தை மனப்பாடம் பண்ணியிருந்தான். ஜன்னலில் அதே பெண்தான். கணினியைத் தட்டினாள். பிறகு, போர்த்துகீசு பேசும் ஒருவனைக் கூட்டி வந்தாள்.

"வாங்க. அந்த வீட்டுக்கே திரும்பக் குடிவரணுமா?" என்று கேட்டான் மொழிபெயர்ப்பவன்.

"ஆமா. என் வீடு."

"அது அரசாங்க வீடு. புதுசா ஒருத்தர் குடிவந்தா வீட்டுக்காரரோட சம்மதம் வேணும்."

"நான்தான்யா வீட்டுக்காரன்!"

மொழிபெயர்ப்பவன் காகிதத்தைத் திருப்பிக் காட்டினான். வீடு யார் பெயரில் என்ற கட்டத்தில் ஜுரெமாவின் பெயர் இருந்தது. குடும்பத் தலைவர் என்ற கட்டத்திலும் அதே பெயர். பெயர்மாற்றத்துக்கு வீட்டை விட்டுப் போகிறவரின் ஒப்புதல் கீழே இருந்தது. அவனுடைய கையெழுத்து. தப்பில்லாமல் போட்டிருந்தான்.

வீட்டுக்கு ஓடினான். மூன்று மாடி. மூச்சு வாங்கக் கதவைத் தட்டினான். கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது.

"என்ன பண்ணியிருக்கே நீ?"

"நீதான் ஊரை விட்டுப் போறேன்னு எழுதிக் கொடுத்தே. பேருக்கு உரிய ஆள் போயிட்டா, இருக்கறவங்க பேருக்கு மாத்தணும்னு விதி இருக்கு. மாத்தினேன்."

"சரி, போகட்டும். சம்மதம்னு ஒரு கையெழுத்துப் போடு."

"போடறேனே. நான் மாட்டேன்னு சொன்னேனா?"

வால்தெசிருக்கு உயிர் வந்தது.

"ஆனா அதோட ஒரு சான்றிதழ் சேர்க்கணும்" என்றாள் ஜுரெமா. "குடிவர்ற ஆளுக்கு ஊர் வரி பாக்கி எதுவும் இல்லைன்னு. கொண்டு வா. அஞ்சு நிமிஷத்துல போட்டுடறேன்."

அவள் தோளுக்குப் பின்னால் பிரிட்ஜ் தெரிந்தது. அன்னாசிப்பழக் காந்தத்துக்கு அடியில் பழைய கடிதம் இல்லை. புது விண்ணப்பத்தின் ரசீது இருந்தது. விண்ணப்பதாரர், குடும்பத் தலைவர், இரண்டும் ஒரே ஆள். பாக்கி ஏதும் இல்லாத ஆள்.

"இத்தனை வருஷம் ஜுரெமா... நம்ம ரெண்டு பேரும்..."

"பதினோரு வருஷம் நின்னது என் கால். நீ எங்க நின்னே?" என்றாள். குரல் உயரவில்லை. "ஒவ்வொரு தடவையும் எங்கயாவது ஒளிஞ்சுதான் நின்னே. மெஷினுக்குப் பின்னால. திரைச்சீலைக்குப் பின்னால. உன் பெட்டி படிக்கட்டுல இருக்கு. ரேசரையும் வச்சிருக்கேன்."

பதினான்கு நாள் கெடு முடிய மூன்று நாள்தான் இருந்தது. எங்காவது பதிந்துகொள்ளாவிட்டால் அபராதம். வேறு வழியில்லாமல் ரயிலேறி தோயோஹாஷி போய் ஜில்மார் வீட்டில் பதிந்துகொண்டான். ஒற்றை அறை. ஜில்மாருக்கு இரவு வேலை, இவனுக்குப் பகல் வேலை. மெத்தை ஒன்றுதான். அவன் எழுந்த சூட்டில் இவன் படுப்பான்.

"மச்சான், நம்ம ரெண்டு பேருக்கும் குடும்பத் தலைவர் நான்தான்" என்பான் ஜில்மார், பல் தெரிய. "வாடகையில பாதியை எடு."

வால்தெசிர் ஒரு விஷயத்தை நினைத்து ஆறுதல்பட்டுக்கொண்டான். வீடு போயிற்று, ஆனால் வரியிலிருந்து தப்பித்தாயிற்று. ஜனவரி ஒன்றாம் தேதி அவன் எங்கும் இல்லை. அதை யாரும் மாற்ற முடியாது.

ஜூன் மாதம் ஜில்மாரின் கதவுப் பெட்டியில் தடித்த உறை வந்தது. ஹமாமட்சு நகராட்சியிலிருந்து. நான்கு தவணைச் சீட்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய குடியிருப்பின் மூன்று மாடியையும் ஏறினான். கையில் உறை, இன்னொரு கையில் சமாதானத்துக்கு ஒரு பொட்டலம் சீஸ் ரொட்டி. கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது.

"எப்படி வந்துச்சு இது? நான் அன்னிக்கு எங்கயும் இல்லையே!"

"நகராட்சியிலேருந்து கடுதாசி போட்டுக் கேட்டாங்க. பதிவு கிடக்கட்டும், ஜனவரி ஒண்ணாம் தேதி உங்க வீட்டுக்காரர் நிஜமா எங்க இருந்தாருன்னு."

"நீ என்ன எழுதினே?"

"இங்கதான் இருந்தாருன்னு எழுதினேன். சட்டியைச் சுரண்டினாரு, பால்கனியில நின்னு மியாசாவா சானுக்குக் கும்பிடு போட்டாரு. என் விண்ணப்பம் அவங்ககிட்ட இருக்கு வால்தெசிர். நான் பொய் எழுத முடியுமா?"

அவள் மூன்று வருஷத்துக்குப் பிறகு அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். குடும்பத் தலைவரே என்று சொல்லவில்லை. அது அவனுக்கு எங்கோ தைத்தது.

"அப்போ இங்கதான் இருந்தேன்னு நீயே ஒத்துக்கிட்டே. அப்போ இது என் வீடு. சங்கிலியை எடு."

"அது ஜனவரி ஒண்ணு. இன்னிக்கு ஜூன் பதினஞ்சு."

சங்கிலி இடுக்கு வழியாக ஒரு கை வெளியே வந்தது. சீஸ் ரொட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டது. கதவு மூடியது.

வால்தெசிர் படிக்கட்டில் உட்கார்ந்து சீட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். அந்த வருஷத்தில் எந்த ஒரு நாள் அந்த வீட்டில் இல்லாமல் இருக்க அவ்வளவு பாடுபட்டானோ, அந்த ஒரே ஒரு நாள்தான் அவன் அங்கே குடியிருந்ததாக எழுதியிருந்தது.