பட்டறையில் என் பேத்திக்கு ஓர் இடம்

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். அடுத்தவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறவர்களுக்கு ஒரு தலைவலிகூட வராது.

பேத்தியை உன் டிராக்டர் பட்டறையில் சேர்த்துக்கொள் என்று போனில் கேட்டேன். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குக்கா இந்த கிரீஸும் அழுக்கும்? ரசீது எழுதணும்னா வரச் சொல்லு" என்று வைத்துவிட்டாய். ரசீது எழுதவா அவள் டீசல் மெக்கானிக் படித்தாள்? கூடப் படித்த பையன்கள் எல்லாம் வேலையில் இருக்கிறார்கள். இவள் வீட்டில் இருப்பதால் எங்கள் வீட்டில் ஒரு சாமான் முழுசாக இல்லை. தண்ணீர் மோட்டாரைப் பிரித்தாள், பூட்டினாள், ஒரு போல்ட் மிச்சம். "அது சும்மா கெடந்தது பாட்டி" என்கிறாள், மோட்டாரும் ஓடித் தொலைக்கிறது. போன வாரம் பெண் பார்க்க வந்தார்கள். திரும்பும்போது அவர்கள் வேன் கிளம்பவில்லை, மாப்பிள்ளை உட்பட எல்லாரும் தள்ளிப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். "பொண்ணு எங்க, சொல்லிட்டுப் போகலாம்" என்று மாப்பிள்ளையின் அம்மா தேட, வேனுக்கு அடியிலிருந்து, "அத்தை, அந்தப் பெரிய ஸ்பேனரை இப்படித் தள்ளுங்க" என்று குரல் வந்தது. புதுச்சேலையோடு படுத்திருக்கிறாள்! வேன் கிளம்பியது, சம்பந்தமும் அதிலேயே ஏறிப் போய்விட்டது. மருமகள் அழுதாள். நான் அழவில்லை. அந்த வேன் உறுமியபோது பிள்ளை சிரித்தாளே ஒரு சிரிப்பு, எந்த மாப்பிள்ளை பேச்சுக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. இந்த மாதத்துக்குள் வேலை கிடைக்காவிட்டால் அடுத்து வருகிறவனுக்குக் கட்டிவைத்துவிடுவேன் என்று அவள் அப்பன் சொல்லிவிட்டான்.

உன்னை இடுப்பில் வைத்துக்கொள்ள ஆளில்லை என்றுதான் என் படிப்பை மூன்றாம் வகுப்போடு நிறுத்தினார்கள். அந்த நன்றிக்கு என் சிலேட்டிலேயே மூத்திரம் போனாய். என் மகன் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து தின்றுவிட்டு, "உப்பு கம்மி" என்று சொல்லிக்கொண்டே கை கழுவினாய். இதையெல்லாம் சொல்லிக்காட்டுகிறவள் நான் இல்லை. பையன்களுக்குக் கொடுக்கிற வேலையும் சம்பளமும் அவளுக்கும் கொடு, அவ்வளவுதான்.

அவசரமில்லை, ஆற அமர யோசித்துப் பதில் போடு. நீ சரி என்று சொல்லும்வரை அவளை அனுப்ப மாட்டேன். நானும் உன் வாசல் மிதிக்க மாட்டேன். வலியப் போய் நிற்கிற வழக்கம் எனக்குக் கிடையாது.

பிள்ளைகுட்டிகளோடு நூறு வயது இரு. அக்கா சொல்லைக் கேட்டால் அதற்கு மேலும் இருக்கலாம்.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கிச் சுமந்த அக்கா

பி.கு.: தபாலில் போட்டால் தாமதமாகும் என்று அவள் கையிலேயே கொடுத்திருக்கிறேன், உன் எதிரில் நிற்கிறாள் பார். நான் வெளியே உன் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். ஊருக்குத் திரும்புகிற பஸ் போய்விட்டது. யோசித்தது போதும், பெட்டியை எங்கே இறக்குவது என்று வந்து சொல்.