வெள்ளையம்மா கேட்ட பெஞ்சு

ஒரு காட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. காட்டுக்கு எதற்குப் பல்கலைக்கழகம் என்று கேட்பவர்கள் கதையை இங்கேயே மூடிவிடலாம். அதன் துணைவேந்தர் சிங்கத்துக்குப் பாடம் நடத்துவதைவிட, பட்டம் கொடுப்பதைவிட, அடிக்கல் நாட்டுவதில்தான் ஆசை அதிகம். வெறும் தரையைக் கண்டால் அதற்குக் கை பரபரக்கும். குளம் போய்க் கருத்தரங்கக் கூடம் வந்தது, புல்வெளி போய் இன்னொரு கருத்தரங்கக் கூடம் வந்தது. வாசலுக்கு வாசல் சிங்கத்தின் பெயர் பொறித்த கல்வெட்டு. மேய இடமில்லாத மான்கள் கேன்டீன் வரிசையில் நின்று புல் வாங்கித் தின்றன. அதற்கு வளாக விரிவாக்கம் என்று பெயர் வைத்தார்கள்.

கட்டடங்கள் பெருகினவே தவிர, அவற்றைக் கூட்டித் துடைக்கும் பராமரிப்புப் பிரிவில் ஒரு ஜீவன்கூடக் கூடவில்லை. எருமை வெள்ளையம்மாதான் எல்லா மாடிக்கும் மாப்பு போட்டாள். பின்னங்கால் முட்டி இரண்டும் வீங்கிப்போயிருந்தன. மதியம் நூலகத்துக்குப் பின்னால் இருந்த நாவல் மரத்தடியில் நின்றபடியே சாப்பிடுவாள். யூனிஃபார்மில் மண் படக் கூடாது என்று உத்தரவு. எருமையாகப் பிறந்தும் தரையில் உட்கார வழியில்லை.

மாதம் ஒருமுறை பதிவாளர் நரி பராமரிப்புப் பிரிவைக் கூட்டிப் புதுத் தகவல்களைச் சொல்லும். விரிவாக்கம் எதுவரை வந்திருக்கிறது, இனி கூடுதலாக எதையெல்லாம் துடைக்க வேண்டும் என்பதுதான் தகவல். எல்லாரும் நின்றுகொண்டே கேட்க வேண்டும். ஒரு மாதம் சிங்கமும் வந்திருந்தது. கடைசியில் யாருக்காவது குறை உண்டா என்று நரி கேட்டது. இல்லை என்று சொல்வதுதான் வழக்கம். வெள்ளையம்மாவுக்கு அன்று முட்டி தாங்கவில்லை.

“ஐயா, நாவ மரத்தடியில ஒரு பெஞ்சு போட்டுக் குடுத்தீங்கன்னா, சாப்பிடுற நேரம் கொஞ்சம் உக்காந்துக்குவோம்” என்றாள்.

சிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. உழைக்கும் தோழர்களுக்கு வெறும் பெஞ்சா என்று அது நரியைப் பார்த்து வருத்தப்பட்டது. அதே இடத்தில், ஏசி வசதியோடு, ஊழியர் நல மாளிகை எழும் என்று அங்கேயே அறிவித்தது. எல்லாரும் கை தட்டினார்கள். வெள்ளையம்மாவும் தட்டினாள், பாவம்.

மறுநாள் காலை அவள் துடைப்பத்தோடு வந்தபோது நாவல் மரம் இல்லை. அடிக்கல் இருந்தது.

குழாய் வேலை பார்க்கும் உடும்பு ஏகாம்பரம், மாளிகை முடியும்வரை மோட்டார் ரூமில் ஒதுங்கிக்கொள்ளச் சொன்னான். அங்கே ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் நிற்க வேண்டும். முறை வைத்து உட்கார்ந்தார்கள். கொஞ்ச நாள்தானே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

மாளிகை முடிந்தது. உடனே பூட்டினார்கள். அமைச்சர் யானை வந்து ரிப்பன் வெட்டாமல் எப்படித் திறப்பது? யானைக்கு ஒரு வாரம் கல்யாணம், மறு வாரம் காதுகுத்து, அப்புறம் தேர்தல். எந்த நாள் வந்தாலும் மாளிகை பளபளவென்று இருக்க வேண்டும் என்பதால், தினமும் அதைத் துடைக்கும் வேலை வெள்ளையம்மாவுக்கே வந்தது. உள்ளே பாலிதீன்கூடப் பிரிக்காத சோபாக்கள். ஒரு நாள் முட்டி மடங்கிப் போனதில், ஒரு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கேமராவில் பார்த்துக்கொண்டிருந்த நரி ஓடி வந்தது.

“இது யாருக்குக் கட்டுனதுன்னு நெனச்சே?”

“எங்களுக்குன்னு சொன்னாங்கய்யா.”

“உங்களுக்குத்தான். அதுக்காக உள்ள வந்து உக்காருவியா?”

மெமோ வரும் என்று சொல்லிவிட்டு, அவள் உட்கார்ந்த இடத்தை அவளையே துடைக்கவைத்துவிட்டு, நரி தன் ஆபீசுக்குப் போனது. தோட்டத்துக்கு நடுவே குளுகுளு ஏசியோடு தனிக் கட்டடம். அந்த நரியை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. வெள்ளையம்மாவுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. துடைத்து முடித்துவிட்டு, நரியின் ஆபீசைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒருவழியாக யானை வந்தது. ரிப்பன் வெட்டியது. குத்துவிளக்கு ஏற்றியது. சோபாவில் சாய்ந்து குளிர்பானம் குடித்துவிட்டு, இங்கிருந்து எழுந்திருக்கவே மனம் வரவில்லை என்று மேடையில் சொன்னது. சிங்கம் யோசிக்கவே இல்லை. ஊழியர் நல மாளிகை அந்த நிமிடத்திலிருந்து அமைச்சரின் விருந்தினர் மாளிகை என்று மைக்கில் அறிவித்தது. நரிதான் முதலில் கை தட்டியது. ஏகாம்பரத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்து ஊழியர்கள் சார்பில் நன்றி சொல்ல வெள்ளையம்மாவை மேடையேற்றி, பொன்னாடை போர்த்தினார்கள். என்ன சொல்லப்போகிறாளோ என்று நரி நெளிந்தது.

அவள் எல்லாருக்கும் நன்றி சொன்னாள். பிறகு சொன்னாள்: “எங்களுக்குப் பெருசா ஒண்ணும் வேணாங்கய்யா. பதிவாளரய்யா ஆபீசுல ஒரு ஓரமா, சின்னதா ஒரு பெஞ்சு போட்டாப் போதும்.”

நரி பதறி எழுந்து சிங்கத்தின் காதருகே போனது. தாமதமாகிவிட்டது. மேடையில் அமைச்சர் இருக்கிறார், மாலை வாடவில்லை, மண்வெட்டியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சிங்கத்தின் கண் கலங்க ஆரம்பித்திருந்தது.

சில நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு வேளையில், மோட்டார் ரூம் கதவை யாரோ தட்டினார்கள். ஏகாம்பரம் திறந்தான். இரண்டு கையிலும் ஃபைல்களோடு நரி நின்றது. தற்காலிகமாக எங்கே உட்காருவது என்று யாரும் தனக்குச் சொல்லவில்லை என்றது. அன்று உட்காரும் முறை வெள்ளையம்மாவுடையது. அவள் எழுந்து இடம் விட்டாள்.

“உக்காருங்கய்யா. ஆனா ஒண்ணு, இங்க எடம் பத்தலைன்னு மட்டும் மேல யாருகிட்டயும் சொல்லிராதீங்க.”

நீதி: உட்கார இடமில்லை என்று நிர்வாகத்திடம் முறையிடாதே. முறையிட்டே ஆக வேண்டுமென்றால், உனக்குப் பிடிக்காதவரின் அறையைக் கைகாட்டி முறையிடு.