தலையில்லாத மனிதரின் பக்கம்

அசையாதை அண்ணையிடம் ஏச்சு வாங்காத தமிழர் ரொறன்ரோவில் யாராவது இருந்தால், அவர் இன்னும் விமானத்தை விட்டு இறங்கவில்லை என்று அர்த்தம்.

அண்ணை பேனையும் தாளுமாக, நின்ற இடத்தில் நின்றே படம் கீறுகிறவர். பார்க்டேலில் உடுப்புத் தோய்க்கும் கடை, பிறம்ரன் வெயர்ஹவுஸ் வாசல், பஸ் நிறுத்தம் எதுவும் தப்பாது. போட்டோ பார்த்துக் கீறுவது அவருக்குப் பெரும் பாவம். கீறப்படும் ஆள் சற்றே திரும்பினாலும், "அசையாதை!" என்று ஒரு கத்தல். தமிழ் தெரியாதவர்களும் அப்படியே நின்றுவிடுவார்கள்.

ஆள் போய்விட்டால் படமும் அந்த இடத்தோடு நின்றுவிடும். ரெக்ஸ்டேல் பஸ் நிறுத்தப் படத்தில் ஒருவருக்குச் சாப்பாட்டுப் பை, முழங்கையில் ஒட்டுப்போட்ட ஜக்கெற் எல்லாம் உண்டு. தலை மட்டும் இல்லை. பஸ் வந்துவிட்டது.

இந்தப் படங்களைப் புத்தகமாக்க நான் முன்வந்தேன். என் கெட்ட காலம். வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜென்ற் ஒருவர் அச்சுச் செலவு முழுவதையும் ஏற்றார். கோட் போட்ட படத்தோடு வாழ்த்துரை கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அந்தத் தலையில்லாத ஆளுக்கு என்ரை முகத்தைப் போடுங்கோவன். சும்மாதானே கிடக்கு?"

அண்ணை மேசையில் அடித்தார். "அவன் வேலைக்கு ஓடின மனிசன்! அவன்ரை கழுத்திலை உம்மடை தலையோ? எழும்பி வெளியாலை போம்!"

அது ஏஜென்றின் சொந்த அலுவலகம். வெளியே போனது நாங்கள்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதக்கணக்கில் நித்திரை முழித்துப் பக்கம் பக்கமாக அடுக்கிய புத்தகம்! "ஏதோ ஒரு தலையைக் கீறிவிட்டால் என்ன குறைஞ்சுபோகும் அண்ணை?" என்று கார் தரிப்பிடத்திலேயே கத்தினேன்.

"காணாத முகத்தை எப்பிடியடா கீறுறது? உனக்கு வெக்கமில்லையோ?"

 ஆனாலும் விட மனமில்லாமல், நண்பர்களைப் பிடித்து மலிவான தாளில் அச்சடித்தேன். தேவாலய மண்டபத்தில் வெளியீடு. பிரதம விருந்தினர் பேசிக்கொண்டிருக்க, கடைசி வரிசையிலிருந்து ஒருவர் புத்தகத்தோடு எழுந்து அண்ணையிடம் வந்தார்.

"அண்ணை, இது என்ரை ஜக்கெற். இந்த ஒட்டு என்ரை மனிசி போட்டது."

"நீயோ அது? ஏன்ரா ஓடினனீ?"

"பஸ் வந்திட்டுது அண்ணை. விட்டால் வேலை போயிடும்."

நான் பேனையை நீட்டினேன். "இப்ப கீறுங்கோவன்."

"இஞ்சையோ? அவன் நிண்டது ரெக்ஸ்டேலிலை!"

பேச்சாளரை அப்படியே விட்டுவிட்டு மூவரும் என் காரில் போனோம். கொட்டும் பனியில் புத்தகத்துக்கு நான் குடை பிடித்தேன். வாயில் வந்ததெல்லாம் சொல்லி அண்ணையைத் திட்டினேன். பஸ் வந்தது. பழக்கத்தில் அந்த மனிதர் ஓர் அடி எடுத்து வைத்தார்.

"அசையாதை!"

பஸ் போய்விட்டது. அவருடைய பிரதியில் அவருக்குத் தலை வந்தது. குளிரில் சிவந்த மூக்கோடு, சிரித்துக்கொண்டிருந்தது.

அண்ணை போன குளிர்காலத்தில் இறந்துபோனார். என் பிரதியில் இன்னும் தலையில்லை. எனக்கும் கீறித் தாங்கோ என்று கேட்க அன்றைக்குக் கோபம் விடவில்லை. இப்போது ரெக்ஸ்டேல் பக்கம் போனால் காரை நிறுத்திவிட்டு, அந்த நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கிறேன்.