விசிலிடம் மாட்டிக்கொண்ட தெரு

ஆரணியில் அந்த வருஷம் மெட்ராஸ் ஐயால் அவதிப்பட்டவர்களைவிட விசிலால் அவதிப்பட்டவர்கள்தான் அதிகம். கண்நோய் வந்தால் ஏழெட்டு நாளில் போய்விடும். விசில் வந்தால் போகமாட்டார்.

விசில் என்பது ஓர் ஆள். நகராட்சியில் சானிட்டரி இன்ஸ்பெக்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆபீஸ் ரிஜிஸ்டருக்கு மட்டும் தெரியும். ஐம்பது வயது, தறிக்கோல் மாதிரி உடம்பு, காக்கி அரைக்கைச் சட்டை, கழுத்தில் கறுப்புக் கயிறு, கயிற்றில் பித்தளை விசில். தெருவில் எச்சில் துப்பினால் ஒரு ஊதல். கண்ணைக் கசக்கினால் இரண்டு. ஒருவர் துண்டை இன்னொருவர் வாங்கி முகம் துடைத்தால், மூச்சு இருக்கிற வரைக்கும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கடல் தாண்டி நாடு நாடாகச் சுற்றிக்கொண்டிருந்த அந்தக் கண்நோய், ஒரு நாள் காலை வேலூர் பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கள் ஊருக்குள் நடந்து வந்தது. மூன்றாம் நாள் எங்கள் தெருவில் தறிச்சத்தம் பாதியாகிவிட்டது. சாயப்பட்டறைச் சிவப்பெல்லாம் நூலை விட்டுக் கிளம்பி வந்து மனிதர்களின் கண்ணில் குடியேறிவிட்டது போலிருந்தது. பட்டு நெய்கிறவனுக்குக் கை போனால்கூட இன்னொரு கை உண்டு. கண் மூடினால் தறி மூடியதுதான்.

இந்த நோய்க்குப் பெரிய மருந்து கிடையாது, தானாகப் போய்விடும், பரவாமல் இருக்க மக்களுக்கு நல்ல பழக்கங்களைச் சொல்லிக்கொடுங்கள் என்று மேலே இருந்து ஒரு காகிதம் வந்ததாம். மற்ற ஊர்களில் அதைத் தட்டியில் எழுதி மாட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். விசில் அதை மனப்பாடம் செய்தார். செய்ததோடு விட்டாரா? தன் சொந்தச் சரக்கையும் சேர்த்துக்கொண்டார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவு என்று காகிதம் சொன்னால், பீடியை விடு, ஒன்பது மணிக்குப் படு, பொன்னாங்கண்ணிக் கீரை தின்னு, விடியற்காலை உடற்பயிற்சி செய் என்று விசில் சொன்னார்.

"சார், கண்ணுல வர சீக்குக்கு காலை எதுக்குங்க மடக்கணும்?" என்று கேட்டான் எதிர்வீட்டுக் கன்னியப்பன்.

"நாள் பூரா தறிக்குழியில காலை வுட்டுகினு குந்தினு இருந்தா ஒடம்புல எதிர்ப்பு எங்கேந்துடா வரும்? எந்திரி! ஜல்தி!"

விடியற்காலையில்தான் எங்கள் தெருவில் பாவு நீட்டுவார்கள். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பட்டிழைகளை விரித்துக் கட்டிக் கஞ்சி தெளிப்பார்கள். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். அந்த நேரத்தில், அந்தத் தெருவில், விசில் உடற்பயிற்சி வைத்தார். பாவுக்கு இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர், தூக்கக் கலக்கத்தோடு, சிவந்த கண்ணோடு. "குனி! நிமிரு! குனி!" மூன்றாவது தடவை கன்னியப்பன் குனிந்தவன் நிமிரவில்லை. அப்படியே பாவின் மேல் சாய்ந்தான். விடிகிற வெளிச்சத்தில் ஓடை மாதிரி மின்னிக்கொண்டிருந்த இழைகளுக்கு நடுவில், கஞ்சி பூசிய நெற்றியோடு, அவன் ஒரு பெரிய மீன் போல் துடித்ததை இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அறுந்த இழைகளைப் பொறுக்கி முடிக்க மதியமாகிவிட்டது.

அடுத்தது கறுப்புக் கண்ணாடி விவகாரம். மெட்ராஸ் ஐ வந்தவரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது ஊர் நம்பிக்கை. கன்னியப்பனின் மச்சான் மெட்ராஸிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்து கொடுத்தான். தெருவுக்கே அது ஒன்றுதான். எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் தறியின் அச்சு பழுதானால் பக்கத்து வீட்டு அச்சை இரவல் வாங்கி மாட்டுவோம். அதே நியாயப்படி கண்ணாடியும் வீடு வீடாகப் போனது. கண் ஆறியவன் கழற்றிச் சிவந்தவனுக்குக் கொடுப்பான். சிவந்தவன், இன்னும் சிவக்காத பெண்டாட்டிக்கு முன்ஜாக்கிரதையாக மாட்டிவிடுவான். மறுநாள் அவளுக்கும் சிவக்கும். "பாத்தியா, கண்ணாடி போட்டும் வந்துட்ச்சே, எவ்ளோ பொல்லாத சீக்கு!" என்று வியந்து அடுத்த வீட்டுக்கு அனுப்புவார்கள்.

கன்னியப்பன் அதைப் போட்டுக்கொண்டே தறியில் உட்கார்ந்து, மாம்பழ மஞ்சளில் தொடங்கிய சேலைக்குப் பாதியில் எலுமிச்சை மஞ்சளில் ஊடை, அதாவது குறுக்கிழை, போட்டுவிட்டான். கழற்றிப் பார்த்தபிறகுதான் தெரிந்தது.

விஷயம் விசில் காதுக்குப் போனது. வந்தார். ஒரு நீண்ட ஊதல். கண்ணாடியைத் துணியால் பிடித்துப் பிடுங்கினார். நேராகச் சாயப்பட்டறைக்குப் போய்க் கொதிக்கிற கொப்பரையில் போட்டார்.

"ஐயோ, அது மெட்ராஸ் சாமானுங்க சார்!"

"கிருமி பூரா சாகட்டும். அப்புறம் எடுத்துக்கோ."

கிருமி செத்ததா தெரியாது. கண்ணாடி செத்தது. அரக்குச் சிவப்பில், ஒரு காது மேலேயும் ஒரு காது கீழேயுமாகச் சுருண்டு வெளியே வந்தது. கன்னியப்பன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "பேஜாரு புடிச்ச ஆளுடா இவன்" என்று என்னிடம் அழாத குறையாகச் சொன்னான். நான் ஆமோதித்தேன். ஏனென்றால் அந்த ஊரில் விசிலிடம் அதிகமாக மாட்டியவன் நான்.

காரணம், என் அக்கா சரோஜா.

அக்காவுக்கு ஒரே கண். வலது கண். இடது கண்ணை ஐந்து வயதில் பெரியம்மை எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த அந்த ஒரு கண்ணால் அவள் செய்த வேலையை இரண்டு கண்காரர்கள் செய்ததில்லை. ஒரு பாவு தீர்ந்தால் பழைய இழை நுனியோடு புதிய இழை நுனியைச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள், ஒவ்வொன்றாக. அக்கா பிணைத்தால் மழைத்தாரை நடுவில் ஒட்டுப்போட்டது போலிருக்கும், ஒட்டு தெரியாது. அந்தக் கண்ணுக்கும் ஏதாவது ஆனால் அவளுக்கு வேலையும் இல்லை, வெளிச்சமும் இல்லை. இது எனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும். தெரிந்ததைப் பேசாமலிருப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

விசில் பேசினார். ஒரு நாளைக்கு மூன்று தடவை வந்து பேசினார். காலையில் டார்ச் அடித்து அக்காவின் கண்ணைப் பார்ப்பார். மதியம் எங்கள் வீட்டுத் துண்டுகளை எண்ணுவார். சாயங்காலம் மறுபடி டார்ச். அவர் தலை தெரிந்ததும் அப்பாவுக்குக் கொல்லையில் ஏதாவது அவசர வேலை முளைத்துவிடும். நான்தான் எதிரே நிற்க வேண்டும்.

பிணைக்கப் போகிற இடத்தில் நான்கைந்து பெண்கள் ஒரே கொட்டாங்குச்சியிலிருந்து சாம்பலைத் தொட்டுக்கொள்வார்கள். கண்ணைத் துடைத்த விரலே சாம்பலுக்கும் போகும். அதைப் பார்த்துவிட்டு விசில் ஊதிய ஊதலில் பக்கத்துத் தெரு நாய்கள் ஓடிவிட்டன.

"சரோஜா, ரெண்டு வாரம் நீ வேலைக்குப் போகக் கூடாது."

"வூட்ல உல கொதிக்க வாணாமா சார்? கண்ணாலத்துக்கு நெய்யற பொடவைங்க. நாள் குறிச்சிட்டாங்க. நான் போலன்னா வேற ஆளைக் கூப்புடுவாங்க."

விசில் யோசித்தார். மறுநாள் அவரே தன் கையால் வறட்டி சுட்டு, மூன்று முறை துணியில் சலித்து, மூடிபோட்ட டப்பாவில் அக்காவுக்கென்று தனிச் சாம்பல் கொண்டுவந்தார். அக்கா தனியாக உட்கார்ந்து பிணைத்தாள். விசில் வாசற்படியில் கைகட்டி உட்கார்ந்து ஒருவரையும் உள்ளே விடவில்லை. தறிக்குச் சொந்தக்காரரையே விடவில்லை.

"என் வூட்டுக்குள்ள நான் போவக் கூடாதாய்யா?"

"கையைக் காட்டு. கழுவினியா? இது கழுவின கையா?"

ஊர் வாய் சும்மா இருக்குமா? "இன்னாடா குமாரு, விசிலு உங்க வூட்டையே சுத்திகினு கீறாரு?" என்று டீக்கடையில் ஒருவன் கண்ணடித்தான், அதுவும் சிவந்த கண்ணை. எனக்கு ரத்தம் கொதித்தது. அன்றே அவரை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டேன். "தெருவுல நூறு வூடு கீது. எங்க வூடுதான் கெடைச்சுதா சார் உங்களுக்கு?"

விசில் என் கையைப் பார்த்தார். "நகத்தை வெட்டுடா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்கு நான்காம் நாள் காலை அக்காவின் கண் உறுத்தியது. தண்ணீராகக் கொட்டியது. சிவந்தது.

வீடு இடிந்து விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அப்பா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். தெருவே வைத்தியத்தோடு திரண்டது. கன்னியப்பன் ஒரு கிண்ணத்தில் ஏதோ பச்சிலைச் சாறு கொண்டுவந்தான். "மூணு சொட்டு வுட்டா போதும், என் பெரியப்பாவுக்குக் கேட்டுது" என்று அக்காவின் முகத்தை நிமிர்த்தினான்.

விசில் ஊதவில்லை. அப்போதுதான் முதன்முறையாக அவர் ஊதாமல் வந்ததைப் பார்த்தேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கிண்ணத்தைத் தட்டிவிட்டார். "ஒரு சொட்டு! ஒரே ஒரு சொட்டு உள்ள போச்சு, உங்க எல்லாரையும் தூக்கிப் போட்டு மிதிச்சிருவேன்!" குரல் கிழிந்துபோயிருந்தது. அக்காவைக் கையோடு கூட்டிக்கொண்டு வேலூர் பஸ்ஸில் ஏறினார். நானும் ஏறினேன். ஆற்றுப்பாலம் தாண்டி, வயல்கள் தாண்டி, வழி முழுக்க அவர் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, அக்கா கண்ணைத் தொட்டுவிடக் கூடாதே என்று அவள் கைகளை முறைத்துக்கொண்டே வந்தார்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் இமையைப் புரட்டிப் பார்த்தார். கழுவினார். பஞ்சை எங்களிடம் காட்டினார்.

"சாம்பல் தூள். வேற ஒண்ணும் இல்ல. இவ்ளோ நைசா சலிச்சா பறந்து கண்ணுலதான் விழும். யார் சலிச்சது?"

விசில் கூரையைப் பார்த்தார்.

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தர்ப்பம் அது. வீடு வருகிறவரை திட்டினேன். சலித்த சாம்பலுக்குத் திட்டினேன், உடற்பயிற்சிக்குத் திட்டினேன், கீரைக்குத் திட்டினேன். மூன்றாம் நாள் விசிலின் கண் இரண்டும் தக்காளியாகிவிட்டன. அத்தனை பேர் தொட்ட பஸ் கம்பியைப் பிடித்துவிட்டு, அன்று ஒரு நாள் அவர் கையைக் கழுவ மறந்திருக்கிறார்.

தெருவில் பொங்கல் வைக்காத குறை. அக்கா மட்டும், "ரசம் வெச்சிருக்கேன், வாடா" என்றாள்.

ரைஸ்மில்லுக்குப் பின்னால் ஒற்றை அறையில் அவர் தனியாக இருந்தார். எங்களைப் பார்த்ததும் ஜன்னலை அரைவாசி சாத்தினார்.

"அறிவு கீதா உனுக்கு? போம்மா! கிட்ட வராத!"

"வர்லைங்க சார். இங்கயேதான் குந்தினு இருக்கேன்." இருபதடி தள்ளிப் புங்கமரத்தடியில் அக்கா உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கணும். எனுக்கு மட்டும் ஏன் இவ்ளோ பண்ணீங்க?"

மில் ஓடுகிற சத்தம். தவிட்டு வாசனை. ஜன்னலுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"அம்மை ஊசி குத்தற வேலைக்கு வந்த புதுசு. உங்க தெரு என்னோட லிஸ்ட்டு. உங்கப்பா அரைக்கதவைத் தெறந்துகினு, கொழந்தைங்களே வூட்ல இல்ல, ஊருக்குப் போயிருக்குதுன்னாரு. அம்மன் கோச்சுக்கும்னு அப்பல்லாம் பயப்படுவாங்க. வாசக் கொடியில ஒரு சின்னப் பாவாடை. தண்ணி சொட்டிகினு இருந்துது. பாத்தேம்மா. பாத்துட்டும், 'வீட்டில் இல்லை'ன்னு எழுதிகினு போயிட்டேன். வெயிலு. இன்னும் பாதித் தெரு பாக்கி. அடுத்த மாசம் வந்தப்போ…" நிறுத்திவிட்டார்.

அப்பா ஏன் கொல்லைக்கு ஓடினார் என்று எனக்குப் புரிந்தது.

அக்கா மடியிலிருந்த புங்கம்பூக்களைத் தட்டிவிட்டாள். "நான் அடுப்புக்குப் பின்னாலதான் இருந்தேன் சார். உங்க கொரல் கேட்டுது. சத்தம் போட்டா அடிப்பேன்னு அப்பா சொல்லிட்டாரு. நானாச்சும் கத்தியிருக்கலாம்."

"அஞ்சு வயசுக் கொழந்தை கத்தலைன்னு எவனாவது குத்தம் சொல்லுவானா?"

"அப்போ வெயில்ல நடந்த மனுஷனை மட்டும் சொல்லலாமா?"

ஜன்னலுக்குள் மூக்கை உறிஞ்சுகிற ஒலி. "ரசத்தைப் படியில வெச்சிட்டு ஓடிப் போங்க ரெண்டு பேரும். போயி கையைக் கழுவுங்க."

அக்காவின் கண்ணுக்கு எதுவும் வரவில்லை. அந்தக் கல்யாணச் சேலைகள் நாளுக்கு நெய்து முடிந்தன. விசில் எழுந்து வந்து இன்னும் நான்கு வருஷம் எங்கள் ஊர் உயிரை வாங்கிவிட்டுப் பெரணமல்லூர்ப் பக்கம் மாற்றலாகிப் போனார். அந்த நான்கு வருஷமும் அவரைத் திட்டுவதை நான் நிறுத்தினேன் என்று சொன்னால் பொய். தினமும் திட்டினேன். வேறு யாராவது திட்டினால் மட்டும் சண்டைக்குப் போனேன்.