டம்மி வேட்பாளர்

"மணி மூணு பத்தும்மா" என்றார் யூனியன் ஆபீஸ் குமாஸ்தா.

ஞானாம்பாள் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். கடிகாரம் இரண்டு இருபத்தைந்து காட்டியது.

"இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்குங்களே."

குமாஸ்தா சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். வெளியே எதிர்ப்பக்கத்து டீக்கடை ரேடியோவும் மூன்று மணிச் செய்தியை முடித்துவிட்டுத்தான் பாடிக்கொண்டிருந்தது.

"மூணு மணியோட வாபஸ் முடிஞ்சுதும்மா. போர்டுல பேர் ஒட்டியாச்சு."

"நான் நிக்கவே இல்லீங்க. டம்மிங்க நான்."

"ஃபாரத்துல டம்மின்னு எங்கேயும் இல்லையே. ஞானாம்பாள், வயசு முப்பத்தெட்டு, வேட்பாளர். அவ்வளவுதான் எழுதியிருக்கு."

பதினாறு வருடம் கழித்து வந்த பஞ்சாயத்துத் தேர்தல் அது. ஊரே கூடிப் பேசி, போட்டியில்லாமல் அவள் கணவன் பஞ்சநதத்தைத் தலைவராக்குவது என்று முடிவாகியிருந்தது. ஊர் என்றால் அவள் கணவனின் அண்ணன் வைத்தியலிங்கம். அவர் பேசினார், ஊர் கூடியிருந்தது. பஞ்சநதத்தின் மனுவில் ஏதாவது கோளாறு வந்து தள்ளுபடியாகிவிட்டால் என்ன செய்வது என்று, எல்லா ஊரிலும் செய்வதுபோல அவன் மனைவி பெயரிலும் ஒரு மனுப் போட்டார்கள். அவன் மனு செல்லும் என்றானதும் அவள் வந்து வாபஸ் வாங்க வேண்டும். அது ஒன்றுதான் அவள் செய்ய வேண்டிய வேலை.

"நான் வர முடியாது, அறுப்பு ஆள் நிக்குது. ஒன்றரை மணி பஸ்ஸுல போனாப் போதும்" என்று காலையில் பஞ்சநதம் தன் கடிகாரத்தைக் கழற்றி அவள் கையில் கட்டிவிட்டிருந்தான். கல்யாணத்துக்கு அவள் அப்பா மாப்பிள்ளைக்குப் போட்ட கடிகாரம். அதன் திருகுக்குச் சாவி கொடுக்கத்தான் தெரியும், வெளியே இழுத்தால் கையோடு வந்துவிடும். முள்ளை நகர்த்த வேண்டுமென்றால் கடைக்குத்தான் போக வேண்டும்.

அவள் கடிகாரத்தைப் பார்த்துத்தான் ரோட்டுக்கு வந்தாள். ஒன்றரை மணி பஸ் வரவில்லை. அடுத்த பஸ்தான் வந்தது. இப்போது யோசித்தபோதுதான் அவளுக்கு நினைவு வந்தது. ரோட்டுக்கு ஏறுமுன் வாய்க்காலில் கால் கழுவியவள், கடிகாரம் கட்டிய கையையும் தண்ணீருக்குள் விட்டுவிட்டாள். தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. முக்கால் மணி நேரம் நின்றுபோயிருக்கிறது. பதினெட்டு வருடம் அவர் கையில் ஒழுங்காக ஓடியது, தன் கையில் ஒரு பகல்கூட ஓடவில்லை.

வீட்டில் பஸ் லேட் என்று மட்டும் சொன்னாள்.

பஞ்சநதம் கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "கெடு தாண்டிப் போச்சாமே."

அந்த வார்த்தை அவளுக்குப் பழக்கமானது. கல்யாணமான இரண்டாவது வருடம் பால்வாடி ஆசிரியை வேலைக்கு அவளுக்கு ஆர்டர் வந்தது. மாமனார் அதை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். சேர வேண்டிய தேதிக்கு மூன்று நாள் கழித்து எடுத்துக் கொடுத்தார். அன்றும் பஞ்சநதம் தரையைப் பார்த்துக்கொண்டு இதையேதான் சொன்னான். பிறகு இருவரும் அதைப்பற்றிப் பேசியதே இல்லை. பேசாமலிருந்ததால் அது போய்விடவும் இல்லை. வீட்டில் ஒரு மூலையில் யாரும் நகர்த்தாத பெட்டி மாதிரி இருந்தது, பெருக்கும்போதெல்லாம் அதைச் சுற்றிப் பெருக்கினாள்.

வைத்தியலிங்கம் தஞ்சாவூர் கோர்ட்டிலிருந்து திரும்பி விஷயத்தைக் கேட்டதும் வாசலிலேயே நின்று கத்தினார். "ஒரு கையெழுத்து! ஒரே ஒரு கையெழுத்துப் போடத் துப்பில்லையாடா உம் பொண்டாட்டிக்கு? இப்ப ஓட்டுப் பெட்டி, போலீசு, வாத்தியாருங்க எல்லாம் வரணும். எதுக்கு? புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் சண்டை மூட்டி விடவா?"

"கோவிச்சுக்காதீங்கண்ணே. அவளுக்கு யாரு போடப்போறா?" என்றான் பஞ்சநதம்.

கோபத்துக்குக் காரணம் குளத்தங்கரை. அங்கே புறம்போக்கில் அறுப்புக்கும் நடவுக்கும் வருகிறவர்களின் பதினோரு வீடுகள். அதை ஒட்டி வைத்தியலிங்கத்தின் இரண்டு வேலி நிலம். அந்த இடம் தன் களத்துக்கு வேண்டும் என்று வெகுநாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சாயத்தில் ஒரு தீர்மானம், தலைவரின் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். தம்பி அண்ணன் சொல்லி எதையும் தட்டியதில்லை. ஊருக்கே இது தெரியும், குளத்தங்கரைக்கு நன்றாகவே தெரியும்.

"நீயே வீடு வீடாப் போ. எனக்குப் போடாதீங்கன்னு சொல்லிட்டு வா" என்று வைத்தியலிங்கம் அவளுக்கு உத்தரவு போட்டார்.

அவள் போனாள். செய்த தப்புக்கு அதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று குளத்தங்கரையிலிருந்து தொடங்கினாள். வெயிலில் நடந்து நாக்கு வறண்டு, முதல் வீட்டுக் காளியம்மாளிடம் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். காளியம்மாள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அப்படிப் பாக்குற?"

"ஒண்ணுமில்லீங்கம்மா. ஓட்டுக் கேட்டு வர்றவங்க எங்க சொம்புல தண்ணி குடிச்சுப் பாத்ததில்ல."

"நான் ஓட்டுக் கேக்க வரல. போடாதீங்கன்னு சொல்ல வந்தேன்."

"அதையும் யாரும் கேட்டதில்ல."

பத்துப் பேர் கூடிவிட்டார்கள். "அவருக்குப் போடுங்க. ரொம்ப நல்லவரு. யாரு என்ன சொன்னாலும் கேப்பாரு" என்றாள் ஞானாம்பாள்.

"யாரு சொன்னாலும்னா?"

அவளுக்குப் பொய் வரவில்லை. "அவங்க அண்ணன் சொன்னா."

கூட்டம் சிரித்தது. அவள் முகம் சிவந்தது. பேச்சை மாற்ற, "உங்களுக்கு என்ன குறை, சொல்லுங்க. அவருகிட்ட சொல்றேன்" என்றாள். சொன்னார்கள். மறந்துபோகாமலிருக்க ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொண்டாள். மூன்று தெரு முடிவதற்குள் நோட்டு பாதி நிறைந்தது. முதல் பக்கத்திலேயே பதினோரு வீட்டுக்கும் மனைப்பட்டா என்று இருந்தது.

அடுத்துச் சின்னம் வந்தது. அவளுக்கு அரிக்கேன் விளக்கு. பஞ்சநதத்துக்குச் சீப்பு.

பஞ்சநதத்தின் தலையில் காதுக்கு மேலே இரண்டு ஓரமும் நாலு முடி, நடுவே மொட்டை வெயில். வைத்தியலிங்கம் சின்னத்தை மாற்றித் தரச் சொல்லி ஆபீஸில் சண்டை போட்டார். இந்தக் கெடுவும் தாண்டியிருந்தது.

"போட்டோ இல்லாம நோட்டீஸ் அடிச்சுடலாம்ணே" என்று அச்சகத்தில் சொன்னார்கள்.

பஞ்சநதம்தான் கேட்கவில்லை. "மூஞ்சி தெரியாம எப்படிப் போடுவாங்க? தலைத்துண்டை எடுத்துட்டே போட்டோ புடிங்க."

நோட்டீஸ் வந்தது. மேலே பளபளவென்று அவன் தலை, கீழே சீப்பு. ஊர் முழுக்க அதை இரண்டு முறை படித்தது. இது போதாதென்று வீட்டுக்கு ஒரு சீப்பு கொடுக்கலாம் என்று அவனே யோசனை சொன்னான். பெண்கள் வாங்கித் தலை சீவிக்கொண்டு, விளக்கு வைத்ததும் அரிக்கேனைப் பார்த்துச் சிரித்தார்கள். கரண்ட் பாதி நாள் இல்லாத ஊரில் விளக்குக்குத் தனியாகப் பிரசாரம் தேவைப்படவில்லை.

ஞானாம்பாளுக்கு இதெல்லாம்கூடப் பெரிதில்லை. கடிகாரம்தான் அவளைக் கொன்றது.

அது இப்போது நிற்காமல் ஓடியது, ஆனால் முக்கால் மணி பின்னால் ஓடியது. பஞ்சநதம் அதை நம்பி எங்கே போனாலும் தாமதமாகப் போனான். ஆட்கள் வயலுக்கு இறங்குமுன் ஆறு மணிக்குக் குளத்தங்கரையில் பார்க்கிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டு ஆறே முக்காலுக்குப் போனான். அங்கே கோழிகள் இருந்தன. கோவில் வாசலில் ஊர்ப் பெரியவர்கள் காத்திருந்து எழுந்து போன பிறகு மாலையும் கையுமாக வந்து நின்றான்.

"மணி என்னடா ஆச்சு?" என்று வைத்தியலிங்கம் சீறினார்.

பஞ்சநதம் கையைத் திருப்பிப் பார்த்தான். "இன்னும் பத்து நிமிஷம் இருக்குண்ணே."

அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும். சொன்னால், நீதான் வேண்டுமென்று செய்தாய் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயமும் உடனே வரும். அதைவிட மோசமான ஒன்றும் உள்ளே இருந்தது. போர்டில் தன் பெயரை முழு எழுத்தில் பார்த்தபோது, ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தக் கணத்துக்கான தண்டனைதான் இந்தக் கடிகாரம் என்று நினைத்தாள்.

ஒருநாள் சோறு போடும்போது துணிந்து ஆரம்பித்தாள். "ஏங்க, அந்தக் கடிகாரம்..."

"அதுக்கென்ன? பேஷா ஓடுது" என்றான் அவன். "மோர் இருக்கா?"

கடைசி நாள் மைக் வைத்துக் கூட்டம். ஐந்து மணிக் கூட்டத்துக்கு ஐந்தே முக்காலுக்கு வந்தான். பாதிக் கூட்டம் போய்விட்டிருந்தது. மீதிப் பேர் போகாததற்குக் காரணம், புருஷன் பொண்டாட்டியை எப்படித் திட்டப்போகிறான் என்று கேட்கும் ஆசை.

"என்னைத் திட்டியே பேசுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்று அவளே சொல்லி அனுப்பியிருந்தாள். அவனும் திட்டினான்.

"பெரியோர்களே, தாய்மார்களே, எம் பொண்டாட்டிக்கு மட்டும் ஓட்டுப் போட்டுடாதீங்க. அவளோட இருக்கிற கஷ்டம் எனக்குத்தான் தெரியும். ஒரு நோட்டு வச்சிருக்கா. உங்க தெருக் குழாய், உங்க வீட்டுக் கூரை, எல்லாத்தையும் அதுல எழுதிக்கிட்டு, நான் சோத்துல கை வச்சதும் படிக்க ஆரம்பிச்சுடறா. ஒரு வாய் நிம்மதியா எறங்க மாட்டேங்குது. பொய் சொல்லுடின்னாலும் அவளுக்கு வராது. எங்க அண்ணனாலேயே அவளை ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட வைக்க முடியலன்னாப் பாத்துக்குங்க. இப்படிப்பட்டவ பிரசிடெண்டா வந்தா ஊரு என்னாகும்?"

கூட்டம் கைதட்டியது. வைத்தியலிங்கம் மைக் ஒயரைப் பிடுங்கினார். கீற்றுப் பந்தலின் ஓரத்தில் நின்ற ஞானாம்பாளுக்குக் கண் நிறைந்தது. பாவம், திட்டக்கூடத் தெரியவில்லையே இந்த மனுஷனுக்கு.

ஓட்டுப் பதிவு அன்று அவள் சீப்பின் மேல் முத்திரை குத்தினாள். நன்றாக அழுத்தி, மை காயும்வரை ஊதி, மடித்துப் போட்டாள். தன்னால் திருப்பித்தர முடிந்தது அந்த ஒரு ஓட்டுத்தான்.

எண்ணிக்கை முடிந்தபோது அரிக்கேன் விளக்கு நூற்றுப்பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்திருந்தது.

வைத்தியலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். காளியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தொடலாமா என்று ஒரு நொடி தயங்கி, பிறகு ஞானாம்பாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பஞ்சநதம் வாங்கி வைத்திருந்த மாலையை என்ன செய்வது என்று தெரியாதவன்போல் கொஞ்சநேரம் வைத்துக்கொண்டிருந்துவிட்டு அவள் கையில் கொடுத்தான்.

"மன்னிச்சுக்குங்க" என்றாள் அவள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

"உடு. நான் உளுந்துக் கொல்லையைப் பாக்கணும்" என்று நடந்தான். தோற்றவனின் நடை அப்படி இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. அதையும் தன் ஆசை என்றே ஒதுக்கினாள்.

முதல் கூட்டத்திலேயே குளத்தங்கரைப் பதினோரு வீட்டுக்கும் பட்டா கேட்டுத் தீர்மானம் போட்டாள். கீழே நிதானமாகத் தன் முழுப் பெயரையும் எழுதினாள். அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தீர்மானத்தை யூனியன் ஆபீஸில் கொடுக்கப் புறப்பட்ட அன்று, எண்ணெய் தேய்த்துக் குளிக்க அவன் கழற்றி வைத்த கடிகாரத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். ரிப்பேர் செய்து கொண்டுவந்து வைத்துவிட்டு, அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு.

யூனியன் ஆபீஸுக்குப் பக்கத்தில், திருப்பனந்தாள் கடைத்தெருவில் சேக் தாவூதின் கடிகாரக் கடை ஒரு அலமாரி அகலம்தான் இருக்கும். அவர் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிகாரத்தின் முதுகைத் திறந்தார்.

"தண்ணி பூந்துடுச்சுங்க பாய். என்னாலதான். முக்கால் மணி நேரம் பின்னாடி ஓடுது. அவருக்கு இன்னும் தெரியாது."

அவர் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். அவளைப் பார்த்தார்.

"இதுல சொட்டுத் தண்ணி பூரலைங்க பிரசிடெண்டம்மா. வாபஸ் அன்னிக்குக் கடை திறக்குறதுக்கு முன்னாடியே உங்க வீட்டுக்காரரு வந்து நின்னு, முள்ளை முக்கால் மணி பின்னாடி தள்ளி வைங்க பாய், தேர்தல் முடிஞ்சதும் வந்து சரி பண்ணிக்கிறேன்னு சொல்லிட்டுப் போனாரு, இன்னும் ஆளைக் காணலையே, மறந்துட்டாரா?"