மிஸஸ் லாங்லியின் மாடு

தூரிகையை உதறிய பிறகுதான், அது டீயில் முங்கியிருந்தது என்பது டெஸ்மண்டுக்குத் தெரிந்தது.

தண்ணீர்க் குவளை இடது பக்கம், டீக் குவளை வலது பக்கம். இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தன. மார்ஷ்விக் நீர்வண்ண ஓவியச் சங்கத்தில் இந்தத் தவறைச் செய்யாதவர்கள் கிடையாது. பாதிப் பேர் தண்ணீர்க் குவளையை எடுத்துக் குடித்துமிருக்கிறார்கள்.

ஆனால் அவர்கள் உதறிய துளிகள் எதுவும் சங்கத் தலைவியின் படத்தில் போய் விழுந்ததில்லை.

'விடியலில் சதுப்பு நிலம்.' மேகம் பொட்டுக்கூட இல்லாத வெளிர்மஞ்சள் வானம். அசையாத தண்ணீர். இப்போது வானத்தின் நட்ட நடுவில், பாலும் சர்க்கரையும் சேர்ந்த மூன்று பழுப்புச் சொட்டுகள்.

"ஐயோ கண்ணு!" என்றபடி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள் பெரில். கண்காட்சி நாட்களில் டீயும் கேக்கும் அவள் பொறுப்பு. "அது யாரோட படம்?"

"யாரோடதா இருக்கும்?"

பெரில் படத்தைப் பார்த்தாள். டெஸ்மண்டைப் பார்த்தாள்.

"நீ பேசாம ஊரை விட்டு ஓடிடு."

குற்றம் முழுக்க டெஸ்மண்டுடையது என்று சொல்லிவிட முடியாது. சட்டத்துக்குள் ஒரு ஈ செத்துக் கிடக்கிறது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து வையுங்கள் என்று காலையில் உத்தரவு போட்டுவிட்டுப் போனவர் தலைவி மிஸஸ் லாங்லியேதான். கண்ணாடி காயட்டும் என்று படத்தை மேசையில் கிடத்திவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து தூரிகையால் பெயர்ச் சீட்டுகளை எழுதிக்கொண்டிருந்தார் டெஸ்மண்ட்.

அவர் தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தில் பல வருடங்களாகத் தற்காலிக உறுப்பினர். தற்காலிக உறுப்பினர்கள் பெயர்ச் சீட்டு எழுதலாம், ஆணி அடிக்கலாம், நாற்காலி போடலாம். சர்ச் ஹாலின் அந்த நீண்ட வெள்ளைச் சுவரில் தங்கள் படத்தை மட்டும் மாட்டக் கூடாது. அது முழு உறுப்பினர்களுக்கான உரிமை. சாவதற்குள் ஒரே ஒரு தடவை, தான் வரைந்தது அந்தச் சுவரில் தொங்கிப் பார்க்க வேண்டும் என்பது டெஸ்மண்டின் ஆசை.

இன்று மாலை, பரிசளிப்பு முடிந்ததும் அவருடைய விண்ணப்பத்தின் மேல் முடிவு சொல்வார்கள். சொல்லப் போகிறவர் மிஸஸ் லாங்லி.

"டிஷ்யூ கொண்டா, சீக்கிரம்!"

"ஒத்தி எடு கண்ணு. தேய்ச்சுடாதே."

டெஸ்மண்ட் தேய்த்தார்.

டீ போய்விட்டது. கூடவே வானமும் போய்விட்டது. மஞ்சளுக்கு நடுவில், வழுக்கை விழுந்தது போல வெள்ளையாக ஓர் ஓட்டை.

"இப்ப என்ன பண்றது?"

"ஒரு மேகத்தைப் போட்டு மூடிடு. இங்கிலாந்துல மேகம் ஏன் இருக்குன்னு எவன் கேள்வி கேக்கப் போறான்?"

நியாயமாகத்தான் பட்டது. ஒரு மேகம் போட்டார். தன்னந்தனியாக நின்ற அந்த மேகம், மந்தையைத் தொலைத்த ஆடு மாதிரி இருந்தது. துணைக்கு இன்னும் நாலைந்து போட்டார். பதற்றத்தில் தூரிகையில் குவளையின் பழுப்புத் தண்ணீர் அதிகமாகிவிட்டது. மேகங்கள் கரைந்து கீழே ஒழுக ஆரம்பித்தன.

"மழை வருது," என்றாள் பெரில்.

"எனக்குக் கண்ணு தெரியுது!"

"காய வை. கழிப்பறையில கை காய வைக்கிற மெஷின் இருக்கே."

இருவரும் ஓடினார்கள். பெரில் பொத்தானை அழுத்த, டெஸ்மண்ட் படத்தை அதன் வாய்க்கடியில் பிடித்தார். அது சாதாரணக் காற்று இல்லை. கண்ணெதிரே மழை சாய்ந்தது. நாணல்கள் மேற்குப் பக்கமாகப் படுத்தன. அசையாத தண்ணீரில் அலை கிளம்பியது. அரை நிமிடத்தில், விடியலில் சதுப்பு நிலத்தைப் புயல் தாக்கியிருந்தது.

"நிறுத்து! நிறுத்து!"

"அதுவா நின்னாத்தான் உண்டு!"

கடைசியில் நின்றது. டெஸ்மண்ட் மூச்சு விட்டபடி காகிதத்தை நிமிர்த்தினார். மேலே தேங்கியிருந்த பழுப்பு நிறம் மொத்தமாக வழுக்கிக்கொண்டு வந்து, புல்வெளியில் ஒரு கட்டியாக நின்றது. அந்தக் கட்டியிலிருந்து நான்கு கோடுகள் மெல்லக் கீழே இறங்கின.

"அவ்வளவுதான். முடிஞ்சுது," என்றார் டெஸ்மண்ட்.

பெரில் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "என்ன முடிஞ்சுது? நாலு கால் தானா வந்திருக்கு. தலைய மட்டும் வை."

வேறு வழியில்லை. வைத்தார். கொம்பு, காது, வால். கண் வைக்கும்போது கை நடுங்கிற்று. அந்த நடுக்கம் அப்படியே மாட்டின் கண்ணில் போய் உட்கார்ந்துகொண்டது.

கண்ணாடியைப் பொருத்தி, சட்டத்தை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினால், வாசலில் தொப்பி தெரிந்தது. தொப்பிக்குக் கீழே மிஸஸ் லாங்லி. அவருக்குப் பின்னால், இரண்டு கையிலும் மடக்கு நாற்காலிகளோடு அவருடைய கணவர் ஹம்ஃப்ரி. ஹம்ஃப்ரி அதிகம் பேச மாட்டார். பேச இடம் கிடைத்ததில்லை.

"டெஸ்மண்ட், ஈயை எடுத்தாச்சா?"

"எ... எடுத்துட்டேன், மேடம்."

மிஸஸ் லாங்லி படத்தின் முன்னால் வந்து நின்றார். பார்த்தார். டெஸ்மண்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

"சட்டம் கோணலா இருக்கு," என்று சொல்லி, ஒரு விரலால் அதைச் சரி செய்துவிட்டு மேடைப் பக்கம் போய்விட்டார்.

ஹம்ஃப்ரி மட்டும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "ம்," என்றார். நாற்காலிகளோடு நகர்ந்தார்.

"கவனிக்கலையா?" என்று பெரிலின் காதில் கிசுகிசுத்தார் டெஸ்மண்ட்.

"மாட்டைக் கவனிக்காம இருக்க முடியுமா? எல்லார் முன்னாடியும் வெச்சு உரிக்கப் போறா."

நடுவர் கண்ணிலாவது இது படாமல் இருக்கட்டும் என்று, யாரும் பார்க்காத நேரத்தில் டெஸ்மண்ட் அந்தப் படத்துக்கு மேலிருந்த பல்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அதுதான் வினையாகப் போயிற்று.

நடுவர் பெர்சிவல் லண்டனிலிருந்து வந்திருந்தார். கலங்கரை விளக்கங்கள், படகுகள், டெய்சிப் பூக்கள் எல்லாவற்றையும் கொட்டாவியை அடக்கியபடி தாண்டி வந்தவர், அரையிருட்டில் தொங்கிய அந்தப் புயலுக்கு முன்னால் சடாரென்று நின்றார்.

"இதுக்கு மட்டும் விளக்கை அணைச்சு வெச்சது யாரோட யோசனை?"

டெஸ்மண்ட் பைக்குள்ளிருந்த பல்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அற்புதம்! வாழ்நாள்ல எவ்வளவோ மாடு பாத்துட்டேன். எல்லாம் புல்லைப் பாக்கும். இது நம்மளைப் பாக்குது. அந்தக் கண்ணைப் பாருங்க. ஏதோ பெரிய தப்பு பண்ணிட்டு, எப்படா பிடிபடுவோம்னு நடுங்குது!"

பெரிலுக்குக் கேக் புரையேறியது.

முதல் பரிசு. ஹாலே எழுந்து கைதட்டியது. மிஸஸ் லாங்லி கோப்பையை வாங்கிக்கொண்டு ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இந்த மாட்டுக்காகக் கொட்டற மழையில நான் எவ்வளவு நேரம் நின்னேன்னு ஹம்ஃப்ரிக்குத்தான் தெரியும்," என்றார்.

ஹம்ஃப்ரி தலையாட்டினார்.

டெஸ்மண்டுக்கு ஒன்றும் புரியவில்லை. இது என்ன விளையாட்டு? கொல்வதென்றால் ஒரேயடியாகக் கொன்றுவிடலாமே. இதற்கு மேல் தாங்காது, உண்மையைச் சொல்லிவிடுவதே மேல் என்று, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மிஸஸ் லாங்லியின் முன்னால் நின்றார்.

"மேடம், அந்த மாட்டைப் பத்தி..."

"நானும் மாட்டைப் பத்தித்தான் உங்ககிட்ட பேசணும்."

டெஸ்மண்ட் ஓரடி பின்வாங்கினார்.

"விண்ணப்பத்தோட ஒரு மாடு வரைஞ்சு குடுத்திருந்தீங்களே, அதுக்குப் பேரு மாடா? சோபாவுக்குக் கொம்பு வெச்ச மாதிரி இருக்கு. அதோ, என் மாட்டைப் பாருங்க. கண்ணைப் பாருங்க, டெஸ்மண்ட்! என்னிக்கு உங்களால அப்படி ஒண்ணு வரைய முடியுதோ, அன்னிக்கு உறுப்பினர் ஆகறதப் பத்திப் பேசலாம். இந்த வருஷமும் இல்ல. மன்னிக்கணும்."

தொப்பி திரும்பியது. போய்விட்டது.

டெஸ்மண்ட் சுவரிலிருந்த மாட்டைப் பார்த்தார். நான் வரைந்ததைப் போல நான் வரைந்தால்தான் என்னைச் சேர்த்துக்கொள்வார்களாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால், தலைவியின் படத்தை நாசம் செய்தவன் என்று இருக்கிற தற்காலிகப் பதவியும் போய்விடும்.

கூட்டம் கலைந்தது. பெரில் ஒரு பெரிய கேக் துண்டைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்துவிட்டு, "தின்னு கண்ணு, அழுகை நிக்கும்," என்று சொல்லிப் பாத்திரம் கழுவப் போனாள்.

நாற்காலிகளை மடக்கிக்கொண்டே வந்த ஹம்ஃப்ரி, டெஸ்மண்டுக்குப் பக்கத்து நாற்காலியை மட்டும் மடக்காமல் அதில் உட்கார்ந்தார்.

"வருத்தமா?"

"பழகிப்போச்சு, ஸார்."

"எனக்கும்தான். நானும் எத்தனையோ தடவை விண்ணப்பம் போட்டாச்சு. ஒவ்வொரு தடவையும் இல்லைன்னுட்டா."

"நீங்களா?" டெஸ்மண்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்க வீட்டம்மாதானே தலைவி?"

"அதனாலதான்."

ஹம்ஃப்ரி சுவரில் தொங்கிய முதல் பரிசுப் படத்தை அண்ணாந்து பார்த்தார். மேடைப் பக்கம் ஒரு தடவை திரும்பி, மனைவி காதுக்கு எட்டாத தூரத்தில் இருப்பதை உறுதி செய்துகொண்டார். பிறகு டெஸ்மண்டின் பக்கம் குனிந்து, தணிந்த குரலில் சொன்னார்:

"அடுத்த வருஷமும் வானம், தண்ணி, புல்லு எல்லாம் வழக்கம்போல நானே வரைஞ்சு குடுத்துடறேன். மாட்டை மட்டும் நீங்க போட்டுடுங்க."